வற்ற வேண்டிய குட்டை

என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று யாராவது கேட்டால், கல்லூரியில் விலங்கியல் பாடம் நடத்துகிறேன் என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். அது பொய்யில்லை. சம்பளம் அதற்குத்தான் வருகிறது. தவளை என்ற சொல்லை வாயிலிருந்து விட்டால் பேச்சு எங்கே போகும் என்பது எனக்கு மனப்பாடம். முதலில் ஒரு சிரிப்பு வரும். அடுத்து, தவளையில் ஆராய்ச்சி பண்ண என்ன இருக்கிறது என்பார்கள். அதற்கடுத்து, கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்பார்கள். இந்த மூன்றாவது கேள்விக்கும் முதல் இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனால் வரிசை ஒருநாளும் மாறியதில்லை.

துடியலூரில் ஒரு மாடி வீட்டில் இருக்கிறேன். ஒரு அறை, ஒரு சமையலறை, துணி காயப்போட ஒரு கொடி. மேட்டுப்பாளையம் ரோட்டு இரைச்சல் ஜன்னல் வழியாக வந்துகொண்டே இருக்கும். அது நின்றுபோகும் சில ஞாயிற்றுக்கிழமை மதியங்கள்தான் எனக்குக் கஷ்டம். அப்போது வீட்டில் வேறு யாரும் இல்லை என்பது காதில் விழும்.

நான் பார்க்கும் தவளை கைக்குள் அடங்கிவிடும். கழுத்தே இல்லாமல் உருண்டையாக, எப்போதும் யாரிடமோ கோபித்துக்கொண்டது போன்ற முகத்தோடு இருக்கும். அந்த முகத்துக்காகவே எனக்கு அதைப் பிடித்துப்போனது. பின்னங்கால் அடியில் மண்வெட்டி மாதிரி ஒரு கெட்டியான தடிப்பு உண்டு. அதை வைத்து மண்ணைத் தள்ளித் தள்ளிப் பின்பக்கமாகவே பூமிக்குள் இறங்கிவிடும். கடைசியாக மறைவது அந்த முகம். வருடத்தில் பெரும்பகுதி உள்ளேதான். அப்படி இருக்கும்போது தோண்டி எடுத்தால் கண் மூடி, கால் மடங்கி, தோலெல்லாம் மண் ஒட்டி, வெறும் மண்கட்டி போலக் கிடக்கும். தொட்டால் அசையாது. முதன்முதலாக ஒன்றைப் பார்த்தபோது நானே செத்துவிட்டது என்றுதான் நினைத்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று ஈரத்துணியில் வைத்துவிட்டுப் போய் வந்தேன். கண்ணைத் திறந்து என்னை முறைத்துக்கொண்டிருந்தது.

ஐப்பசியில் நல்ல மழை ஒன்று விழுந்தால் எல்லாம் வெளியே வரும். ஆண் தவளைகள் தண்ணீர் ஓரமாக உட்கார்ந்து கத்தும், பெண்கள் தேடி வரும், முட்டையிடும். ஐந்தாறு வாரத்துக்குள் தலைப்பிரட்டைகள் கால் முளைத்து வால் உதிர்ந்து கரையேறிவிட வேண்டும். அதற்குள் குட்டை வற்றினால் அந்த வருடம் அவ்வளவுதான். சரி, வற்றாத தண்ணீராகப் பார்த்து முட்டையிட்டால் என்ன என்று தோன்றும். வற்றாத தண்ணீரில் மீன் இருக்கும். மீன் இருந்தால் ஒரு முட்டை மிஞ்சாது. அதனால்தான் வற்றுகிற குட்டையாகத் தேடி அவை வருகின்றன. சில வருடம் தோற்றாலும் மற்ற வருடங்களில் ஜெயித்துவிடும்.

இவ்வளவையும் சொல்ல இரண்டு நிமிடம் போதும். நான் போய்ப் பார்த்த குட்டை யாருடைய நிலத்தில் இருந்ததோ அவரிடம் எட்டு வருடம் நான் இதைச் சொல்லவில்லை.

துடியலூரிலிருந்து மலை தெரியும் பக்கமாக ஸ்கூட்டியில் இருபது நிமிடம் போனால் அவருடைய தோட்டம். தென்னை, கொஞ்சம் மஞ்சள், மாட்டுக்குச் சோளத்தட்டு. தோட்டத்தின் கீழ்க்கோடியில், பாறை தட்டியதால் ஒன்றும் விளையாத ஒரு பள்ளம். மழைக்கு முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும், தை பிறப்பதற்குள் காய்ந்து வெடித்துவிடும். எனக்கு வேண்டியது அதுதான். படிப்பு முடிப்பதற்காக அங்கே போக ஆரம்பித்தேன். படிப்பு முடிந்து, வேலை கிடைத்து, பெயருக்கு முன்னால் முனைவர் ஒட்டிக்கொண்ட பிறகும் போய்க்கொண்டிருந்தேன். ஒரே இடத்தை வருடக்கணக்காகப் பார்த்தால்தான் தவளை எதையாவது காட்டும் என்று கேட்பவர்களிடம் சொல்வேன். போக எனக்கு வேறு இடமும் இருக்கவில்லை.

முதல் நாள் அனுமதி கேட்டபோது, அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு டிரிப் குழாயில் அடைப்பு எடுத்துக்கொண்டிருந்தார். ஐம்பதை நெருங்கும் வயது. ஒரே மகன் வெளிநாட்டில். தாராளமாக வந்து பாருங்கள், பாம்பு இருக்கும், பார்த்துப் போங்கள் என்றார். அவ்வளவுதான். அன்றே அவர் மனைவி எவர்சில்வர் டம்ளரில் டீ கொண்டுவந்து நீட்டினார். பிளாஸ்க்கில் இருக்கிறது, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பிளாஸ்க்கில் இருந்தது பச்சைத் தண்ணீர்.

இதற்கு ஒரு காரணம் உண்டு. பவானிப் பக்கம் இதே போன்ற ஒரு தோட்டத்தில் என் அம்மா மஞ்சள் வெட்டப் போவாள். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் நானும் கூடப் போவேன். அங்கேயும் டீ கொடுப்பார்கள். எங்களுக்கான டம்ளர்கள் மாட்டுக்கொட்டகைக் கூரையில் செருகியிருக்கும். குடித்து முடித்து நாங்களே கழுவி நாங்களே செருகிவைக்க வேண்டும். அங்கேயும் எல்லாரும் வார்த்தைக்கு வார்த்தை மரியாதையாகத்தான் பேசுவார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் அம்மா இதை எல்லாம் மறந்து சர்ச்சில் முதல் வரிசையில் உட்கார்ந்து பாடுவாள். எனக்கு மறக்கிற குணம் வாய்க்கவில்லை. இந்தத் தோட்டத்தில் எனக்கு நீட்டப்பட்ட டம்ளரும் அவர்கள் குடிக்கிற டம்ளரும் ஒன்றா வேறா என்று பார்க்கக்கூட நான் விரும்பவில்லை. வேண்டாம் என்றால் அந்தக் கேள்வியே வராது.

ஆகவே எட்டு வருடமும் நான் அவரிடம் பேசியது இவ்வளவுதான்: வந்துட்டேனுங்க. போய்ட்டு வாரேனுங்க. அவர் கரையோரமாக வந்து நின்று, இன்னைக்கு என்னங்க விசேஷம் என்பார். ஒன்றுமில்லை என்று நோட்டில் எழுதிக்கொண்டே சொல்வேன். முகத்தில் அடித்தாற்போல் இருக்கும் என்று தெரியும். தெரிந்தேதான் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்பார், பிறகு செருப்பைத் தட்டிப் போட்டுக்கொண்டு போய்விடுவார். அடுத்த வாரமும் வருவார்.

காலையில் வலையைப் போட்டுத் தலைப்பிரட்டைகளை வெள்ளைத் தட்டில் எடுத்து, அளந்து, எண்ணி, திரும்ப விடுவேன். பொழுது சாய்ந்த பிறகு ஆண் தவளைகளின் குரலை எண்ணுவேன். நல்ல மழை வருடத்தில் எண்ணவே முடியாது. ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்து ஒரே சத்தமாகிவிடும். அப்போது நோட்டில் ‘எண்ண முடியவில்லை’ என்று எழுதுவேன். அப்படி எழுதிய நாட்களில் வீட்டுக்கு வந்து நன்றாகத் தூங்கியிருக்கிறேன்.

ஏழாவது வருடம் மழை ஏமாற்றியது. ஆரம்பத்தில் இரண்டு மழை கொட்டிவிட்டு நின்றுபோனது. முட்டை பொரிந்து, தலைப்பிரட்டைகளுக்குப் பின்னங்கால் முளைத்துவிட்டது. இன்னும் கொஞ்ச நாள்தான். ஆனால் குட்டை சுருங்கிச் சுருங்கி, மாடு மிதித்த குளம்புத் தடங்களில் மட்டும் தண்ணீர் நின்றது. ஒவ்வொரு தடத்திலும் கறுப்பாக நெளிந்துகொண்டிருந்தன. ஒரு காலை நான் போனபோது அதுவும் காய்ந்து, காக்கைகள் வேலையை முடித்துக்கொண்டிருந்தன.

இப்படி முன்பும் ஒரு வருடம் நடந்திருக்கிறது. அப்போது எழுதிக்கொண்டு கிளம்பிவிட்டேன். இந்த முறை கரையில் உட்கார்ந்து அழுதேன். அம்மா இறந்து இருபது நாள் ஆகியிருந்தது. பவானியில் அடக்கம் முடிந்த மறுநாளே துடியலூர் வந்து, அதற்கு மறுநாள் கல்லூரிக்குப் போய்விட்டேன். கல்லூரியில் மூன்று பேர் வருத்தம் தெரிவித்தார்கள். கீழ்வீட்டுக்காரர்களிடம் நான் சொல்லவில்லை. அம்மா வாரம் இரண்டு முறை போன் பண்ணுவாள், சாப்பிட்டாயா என்பாள். அந்த போன் நின்றுபோனது தவிர வேறெந்த மாற்றமும் இல்லாமல் நாட்கள் போய்க்கொண்டிருந்தன. அழ ஒரு இடம் கிடைக்காமல் இருந்தேன், அந்தக் காய்ந்த குட்டையில் கிடைத்துவிட்டது.

அவர் வந்து பின்னால் நின்றதை நான் கவனிக்கவில்லை. என்ன ஆச்சுங்க என்று கேட்டார். அழுத முகத்தை மறைக்க ஏதாவது சொல்லியாக வேண்டும். குளம்புத் தடங்களைக் காட்டினேன்.

“இன்னும் ஒரு பத்து நாள் தண்ணி நின்னிருந்தா எல்லாம் கரையேறியிருக்குமுங்க.”

ஏழு வருடத்தில் நான் அவரிடம் சொன்ன மிக நீளமான வாக்கியம் அது. அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் போனார்.

அந்தக் கோடை முழுக்க நான் தோட்டத்துப் பக்கம் போகவில்லை. போவதில்லைதான், மண்ணுக்குள் தூங்குவதைப் போய்ப் பார்க்க என்ன இருக்கிறது. ஐப்பசியில் முதல் மழை விழுந்ததும் கிளம்பினேன். கீழ்க்கோடி திரும்பியதும் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டேன். வழி தவறி வேறு யாருடைய தோட்டத்துக்கோ வந்துவிட்டதாகத்தான் தோன்றியது.

பள்ளம் இல்லை. அந்த இடத்தில் ஆள் முங்கும் ஆழத்தில் சதுரமாக ஒரு குளம் இருந்தது. நாலு பக்கமும் கரை உயர்த்திக் கல் பதித்திருந்தது. போர்வெல் தண்ணீர் வந்து விழ ஒரு குழாய். தண்ணீருக்குள் இறங்க மூன்று படி. ஓரத்தில் வேப்பமரத்தடியில் ஒரு சிமெண்டு பெஞ்சு, நான் உட்கார. தண்ணீர் பச்சையாகத் தளும்பிக்கொண்டிருந்தது.

அவர் மேட்டிலிருந்து நடந்து வந்தார். அந்த நடையிலேயே தெரிந்தது, இதை என்னிடம் காட்ட மாதக்கணக்காகக் காத்திருக்கிறார். கல்யாண வீட்டில் பந்தலைக் காட்டுகிறவர் மாதிரி வந்து நின்றார்.

“இனி வத்தாதுங்க அம்மணி. உங்களுக்குன்னுதான் பண்ணுனது. பொக்லைன் வெச்சு பங்குனியிலயே ஆழம் பண்ணிப்போட்டனுங்க. சும்மா கெடக்க வேண்டாம்னு பவானிப் பக்கம் போயி ஜிலேபிக் குஞ்சு வாங்கியாந்து உட்டுருக்கறனுங்க.”

ஜிலேபி மீன். எதைப் போட்டாலும் தின்னும், எங்கே விட்டாலும் பெருகும். படிக்கட்டுக்குப் பக்கத்தில் கூட்டமாக வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. எனக்குக் கோபம் சட்டென்று வரும், வீட்டிலும் கல்லூரியிலும் அதற்குப் பெயர் எடுத்தவள். அன்று வரவில்லை. நன்றாக இருக்கிறதுங்க என்றேன். பெஞ்சில் போய் உட்கார்ந்து நோட்டைத் திறந்து எழுதுவது போலப் பாவனை செய்தேன்.

அன்று பொழுது சாய்ந்ததும் குரல்கள் வந்தன. இருக்கிற இடம் எப்படி மாறினாலும் பிறந்த தண்ணீரைத் தேடித்தான் வரும். ஆனால் எண்ண முடிந்தது. ஆறு, ஏழுக்கு மேல் இல்லை. கல் பதித்த கரை ஒத்துவரவில்லையோ, மோட்டார் சத்தமோ, மழை போதவில்லையோ என்று பல காரணங்களை எழுதிப் பார்த்தேன். மூன்று நாள் கழித்துப் போனபோது படிக்கட்டு ஓரத்தில் முட்டைகள் மிதந்தன. மறுநாள் காலை தண்ணீர் சுத்தமாக இருந்தது. மீன்கள் மட்டும் படிக்கட்டு ஓரத்தை விட்டு நகராமல் இருந்தன.

அந்த வாரம் முழுக்க எனக்குள்ளேயே சண்டை. சொல்லாமல் விட்டுவிடலாம். வேறு குட்டை தேடிக்கொள்ளலாம், கோயமுத்தூரைச் சுற்றிக் குட்டைக்கா பஞ்சம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். பஞ்சம்தான். நான் ஆரம்பத்தில் குறித்துவைத்திருந்த குட்டைகளில் பாதி இன்று வீட்டுமனை. ஆனால் அது அல்ல விஷயம். யாரும் எனக்காக இதுவரை எதையும் செய்ததில்லை. முதன்முதலாக ஒருவர் செய்திருக்கிறார், அது இப்படி ஆகிவிட்டது. அதற்குக் காரணமும் என் வாய்தான். திறக்க வேண்டிய நாட்களில் எல்லாம் மூடிக்கொண்டு, மூடிக்கொள்ள வேண்டிய ஒரு நாளில் திறந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை போனேன். குட்டைக்குப் போகாமல் நேராக அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்று உங்களிடம் கொஞ்சம் பேச வேண்டும் என்றதும் அவர் மனைவி முகத்தில் ஒரு கணம் திகைப்பு. உள்ளே வாங்க என்று நாற்காலி போட்டார். டீ வந்தது. மூன்று டம்ளர், ஒரே தட்டில், ஒரே மாதிரி. நான் எடுத்துக் குடித்தேன். சர்க்கரை தூக்கலாக இருந்தது. எட்டு வருடமாக நான் மறுத்தது இதைத்தானா என்று இருந்தது.

எல்லாவற்றையும் சொன்னேன். ஏன் வற்றுகிற குட்டை, மீன் என்ன செய்யும், முட்டை எப்படி ஒரே நாளில் காணாமல் போயிற்று, எல்லாம். வகுப்பில்கூட இவ்வளவு நிதானமாக நான் சொன்னதில்லை. அவர் குறுக்கே பேசவில்லை. நான் முடித்த பிறகு, அன்றைக்கு நீங்கள் அழுதீர்களே என்று மட்டும் கேட்டார். அது தலைப்பிரட்டைக்காக இல்லை, என் அம்மா போய் அப்போது இருபது நாள் என்றேன்.

அவர் மனைவி டம்ளரைக் கீழே வைத்தார். அவர் நாற்காலியில் முன்னால் சாய்ந்தார். குட்டையைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

“சொல்லீருந்தீங்கன்னா துக்கம் கேக்க வந்திருப்பமேங்க.”

இந்தப் பக்கத்தில் ஒரு சாவு விழுந்தால், தெரிந்தவர்கள் தங்களுக்குத் தோதான ஒரு நாளில் வந்து, சம்பிரதாயத்துக்கு நாலு வார்த்தை கேட்டு, கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டுப் போவார்கள். அதற்காகக் காரில் பவானி வரை போவார்கள். இவர்கள் எங்கள் தெருவுக்கு வந்திருப்பார்களா, எங்கள் வீட்டில் டீ கொடுத்தால் குடித்திருப்பார்களா என்று அப்போதும் என் மனது கணக்குப் போட்டது. அந்தப் புத்தி என்னை விட்டுப் போகாது. ஆனால் அவர் சொன்னது மெய் என்பது மட்டும் முகத்தில் தெரிந்தது. எங்கள் வீட்டுப் பூட்டிய கதவுக்கு முன்னால் இந்த இருவரும் நிற்பதை நினைத்துப் பார்த்தேன். அன்று வண்டியில் திரும்பும்போது ரோட்டோரம் நிறுத்தி இன்னொரு முறை அழுதேன்.

அதற்கப்புறம் அவர் செய்தது எல்லாம் நான் கேட்காமல் செய்தது. தை முடிந்ததும் மோட்டார் வைத்துத் தண்ணீரைத் தென்னைக்குப் பாய்ச்சினார். மீனைப் பிடித்து அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்தார். எனக்கும் ஒரு வாளி வந்தது. வாழ்நாளில் அவ்வளவு கடுப்போடு நான் மீன் குழம்பு வைத்ததில்லை. கல்லைப் பெயர்த்தார். மண் வேண்டும், ஆனால் தோண்டிய மண்ணைத் தென்னந்தோப்பில் பரப்பியிருந்தார். அதையே திரும்ப வாரிக்கொண்டுவந்து கொட்டி, எவ்வளவு ஆழம் வேண்டும் என்று என்னை நிற்கவைத்து என் முழங்காலை வைத்து அளவு பார்த்தார். படிக்கட்டையும் இடித்தார். பெஞ்சை மட்டும் விட்டுவைத்தார். வாரம் ஒருமுறை போனேன், போன போதெல்லாம் டீ குடித்தேன். இதெல்லாம் எனக்காக எதற்குச் செய்கிறீர்கள் என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல் விட்டேன்.

இந்த வருடம் ஐப்பசி பிறந்ததும் ஒரு மாலை போன் வந்தது. மழை பிடித்துவிட்டது, குட்டை ரொம்பிவிட்டது, வாருங்கள் என்றார். அந்த நேரத்துக்கு என் போன் அடித்து வெகுநாள் ஆகியிருந்தது. ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு ஓடினேன்.

பெஞ்சில் நான் ஒரு ஓரம், அவர் ஒரு ஓரம். நடுவில் நோட்டு. மழை விட்டிருந்தது, வேப்பமரம் சொட்டிக்கொண்டிருந்தது. பழைய வருடங்களில் இப்படி ஒரு மாலையில் பக்கத்தில் இருப்பவர் பேச்சே கேட்காது. முதல் குரல் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து எதிர்க்கரையிலிருந்து இன்னொன்று. மூன்று. நான்கு. அப்புறம் நான்கேதான், மாறி மாறி. ஒன்று கத்தி முடித்தால் அடுத்தது தொடங்கும் வரை நடுவில் வெறும் தண்ணீர் சொட்டும் சத்தம்.

மீன் இல்லை, கல் இல்லை, ஆழம் சரி, மழையும் நல்ல மழை. மீன் முட்டையைத் தின்னும், மண்ணுக்குள் இருக்கிற பெரிய தவளைகளை என்ன செய்யும்? முந்தின வருடமே இந்தக் கேள்வி எனக்கு வந்திருக்க வேண்டும். மற்றதெல்லாம் எங்கே?

அதே கேள்விதான் அவருக்கும். மெதுவாகக் கேட்டார்.

“ஏனுங்க அம்மணி, பங்குனியில பொக்லைன் ஓட்டறப்ப மண்ணுல உருண்ட உருண்டையாத் தவள வந்துச்சுங்க. ரெண்டு சட்டி இருக்கும். செத்துப்போயிக் கெடக்குதுன்னு வரப்பு மேல எடுத்து வெச்சமுங்க. அது செத்ததுதானுங்களே?”

நான் திரும்பி அவரைப் பார்க்கவில்லை. பதிலுக்கு ஒரு கேள்வி கேட்டேன். எந்த நேரத்தில் எடுத்து வைத்தீர்கள் என்றேன். பொழுது சாய என்று சொல்லிவிட மாட்டாரா என்று இருந்தது. அந்திக் குளிர்ச்சியில் என்றால் ஒன்றிரண்டாவது கண்ணைத் திறந்து நகர்ந்திருக்கும். காத்தால பத்து மணி இருக்கும் என்றார். நல்ல வெயில், மத்தியானம் பார்த்தபோது காக்கை கொத்திக்கொண்டிருந்தது என்றும் சொன்னார். வண்டிச் சக்கரத்தில் நசுங்கக் கூடாது என்றுதான் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து வைத்தாராம்.

பங்குனி வெயில், வரப்பு, பத்து மணி. ஒரு ஈரத்துணி போதும், கண்ணைத் திறந்து முறைத்திருக்கும். எத்தனை வருடம் பழையவை அவை. சிலவற்றை நான் தலைப்பிரட்டையாகத் தட்டில் எடுத்து அளந்திருப்பேன். இப்போது நான் முடிவு செய்ய வேண்டியது ஒன்றுதான். உண்மையைச் சொல்லலாம். எட்டு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்ததால் என்ன ஆயிற்று என்று தெரிந்தவள், இனி எதையும் மறைப்பதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டவள். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த மனிதர் கேட்பது தவளையைப் பற்றி இல்லை என்று எனக்குப் புரிந்தது.

“ஆமாங்க,” என்றேன். “செத்ததுதானுங்க. மழை ஏமாத்துன வருசத்துல அப்படித்தான் உள்ளயே போயிருமுங்க.”

அவர் மூச்சை விட்டார். நாங்கூடப் பயந்துபோயிருந்தனுங்க என்றார். டீ கொண்டு வருகிறேன் என்று மேட்டில் ஏறிப் போனார். டார்ச் வெளிச்சம் தென்னைக்கு நடுவில் ஆடி ஆடிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு தனியாக அந்தக் கரையில் நான் என்றைக்கும் இருந்ததில்லை. முன்பெல்லாம் பேச ஆள் வேண்டாம் என்று இருந்தவள். இப்போது பேச ஆள் இருக்கிறார், சொல்லத்தான் முடியாது.

நாலு ஆண்களில் இரண்டுக்குத் துணை கிடைத்தது. முட்டைகள் இருந்தன, தலைப்பிரட்டைகள் இருந்தன, சில நாட்களுக்கு முன்பு கொஞ்சம் கரையேறின. நகத்தளவு இருக்கும். அதற்குள் அதே கோபித்த முகம். அவை வளர்ந்து கத்த இன்னும் வருடங்கள் ஆகும். அதுவரை மழை பெய்ய வேண்டும், இந்தப் பள்ளம் இருக்க வேண்டும், நானும் இருக்க வேண்டும்.

இப்போது அவருக்கு எல்லாம் சொல்லித் தருகிறேன், எந்தக் குரல் எந்தத் தவளையுடையது, எது வேலி ஓரத்துப் பூச்சி என்பது வரை. ஆரம்பத்தில் எல்லாவற்றையும் சேர்த்து எண்ணிக்கொண்டு, இன்னைக்கு இருவதுங்க என்று சந்தோஷமாக போன் பண்ணுவார். திருத்தினேன். இப்போது அவர் காது என் காதைவிட நுட்பம். மழை பெய்த நாளில், நான் போக முடியாவிட்டால், அவரே பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுவிட்டுக் கூப்பிடுவார்.

“நாலுங்க அம்மணி. நாலேதானுங்க. குறிச்சுக்கிட்டீங்களா?”

குறிச்சுக்கிட்டேனுங்க என்பேன். நோட்டில் தேதிக்குப் பக்கத்தில் எண்ணை எழுதுவேன். அதற்கடுத்து, குறைந்தால் ஏன் குறைந்தது என்று எழுத ஒரு கட்டம் உண்டு. முதல் வருடத்திலிருந்து ஒரு நாள்கூட அதை நான் காலியாக விட்டதில்லை. இந்த வருடம் ஒவ்வொரு பக்கத்திலும் அது காலியாக இருக்கிறது.